டைப்-சி எல்லாம் ஒன்றுதான் என்றால், என் ட்ரிம்மர் மட்டும் ஏன் லேப்டாப் சார்ஜரில் ஏறுவதில்லை?

லேப்டாப்போடு வந்த டைப்-சி சார்ஜரில் போன் ஏறுகிறது, இயர்பட்ஸ் ஏறுகிறது, ட்ரிம்மர் மட்டும் ஏறவில்லை, பழைய யுஎஸ்பி சார்ஜரில் போட்டால் அதுவும் ஏறுகிறது, இது பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழுது இல்லை. நீங்கள் சொல்லும் அறிகுறியை வைத்துப் பார்த்தால், தயாரித்தவர் உள்ளே இரண்டு ரெசிஸ்டரை (மின்சாரத்துக்குத் தடை கொடுக்கும் சின்ன பாகம்) வைக்காமல் விட்டிருக்கிறார். புதுசு வாங்க வேண்டாம். பழைய சார்ஜரும் அதன் ஒயரும் இருக்கும்வரை அதிலேயே போடுங்கள்.

நான் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒருவர் இதே பிரச்சினையோடு வந்தார். "பின்னும் ஒண்ணு, ஒயரும் ஒண்ணு, அப்புறம் ஏன் தம்பி ஏறல?" என்றார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பழைய யுஎஸ்பி சார்ஜரை பிளக்கில் செருகியதுமே அதன் வாயில் 5 வோல்ட் வந்து நிற்கும். எதிரில் என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. டைப்-சி சார்ஜர் அப்படி இல்லை. ஒயரின் இரண்டு முனையும் ஒரே மாதிரி இருப்பதால், மின்சாரம் கொடுப்பது யார், வாங்குவது யார் என்று முதலில் தெரிந்தாக வேண்டும். அதற்காகவே டைப்-சி சாக்கெட்டின் 24 பின்களில் சிசி என்று இரண்டு பின் ஒதுக்கியிருக்கிறார்கள். மின்சாரம் வாங்கும் கருவியில் அந்த இரண்டு பின்னிலிருந்தும் தனித்தனியாக ஒரு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு, அதாவது மைனஸ் பக்கத்துக்கு, போக வேண்டும். அதைக் கண்டுகொண்ட பிறகுதான் சார்ஜர் மின்சாரத்தையே திறந்துவிடும். ரெசிஸ்டர் இல்லை என்றால் எதிரில் ஒன்றுமே செருகவில்லை என்றுதான் சார்ஜர் எடுத்துக்கொள்ளும். சில கருவிகளில் ஒரே ஒரு ரெசிஸ்டர் மட்டும் இருக்கும். அதில் ஒயரைத் திருப்பிச் செருகினால் ஏறும், மறுபடி திருப்பினால் ஏறாது.

அவர் கொண்டுவந்ததைத் திறந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். சிசி பின் இரண்டும் எதோடும் சேராமல் சும்மா நின்றன. பழைய போர்டு ஒன்றிலிருந்து எறும்புத் தலை அளவு ரெசிஸ்டர் இரண்டை எடுத்து, மெல்லிய செம்புக் கம்பி இழுத்துப் பற்றவைத்தேன். அவருடைய லேப்டாப் சார்ஜரிலேயே செருகியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. அரை மணி நேர வேலை. அந்த இரண்டு ரெசிஸ்டரின் விலை ஒரு ரூபாய்கூட வராது. அதை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு மனிதரைக் கடை கடையாக அலைய விட்டிருக்கிறார்கள் என்பதில்தான் எனக்குக் கோபம். (உங்களுடையது தண்ணீரில் கழுவும் வகை என்றால் திறக்க வேண்டாம், வாட்டர் சீல் போய்விடும்.)

ஏன் இவ்வளவு ஆத்திரப்படுகிறேன் என்றால், இந்த ஒரே பின் வருவதற்கு எத்தனை வருடம் ஆனது என்று பார்த்தவன் நான். நோக்கியாவிலேயே பெரிய பின், சின்ன பின் என்று இரண்டு உண்டு. கல்யாண வீட்டில் "சின்ன பின் சார்ஜர் யார்கிட்டயாவது இருக்கா?" என்று ஆள் ஆளாகக் கேட்டுப் போவார்கள். 2009இல் ஐரோப்பாவில் போன் கம்பெனிகள் மைக்ரோ யுஎஸ்பிக்குத் தாங்களாகவே ஒத்துக்கொண்டன. ஆனால் அது கட்டாயம் இல்லை. ஆப்பிள் 2012இல் லைட்னிங் என்று தனி வழி போனது. கடைசியில் 2022 அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் 602க்கு 13 என்ற வாக்கில் டைப்-சியைச் சட்டமாக்கியது. அடுத்த ஆண்டே ஐபோன் 15 டைப்-சியோடு வந்தது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புதுப் போன், டேப்லெட், கேமரா, ஹெட்போன், ஸ்பீக்கர், கீபோர்டு எல்லாவற்றுக்கும் இது கட்டாயம். லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28. ட்ரிம்மர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதையும் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்றும் அடிக்கடி கேட்கிறார்கள்: 65 வாட் சார்ஜரில் சின்ன போனைப் போட்டால் கெட்டுப்போகுமா? கெடாது. நல்ல டைப்-சி சார்ஜர் 5 வோல்ட்டில்தான் தொடங்கும். 9, 15, 20 என்று மேலே போக வேண்டுமானால் போனே கேட்க வேண்டும். கேட்காமல் கூட்டாது. ஒயரில்தான் கவனம் வேண்டும். இரண்டு முனையும் டைப்-சியாக இருக்கும் சாதாரண சி-டு-சி ஒயர் 60 வாட் வரைதான் தாங்கும். அதற்கு மேல் போக உள்ளே சிப் வைத்த ஒயர் தேவை. 240 வாட் என்று அச்சிட்டே விற்கிறார்கள்.

சரி, அடுத்த முறை ட்ரிம்மரோ டார்ச்சோ சின்ன ஃபேனோ வாங்கப் போகும்போது உங்கள் டைப்-சி சார்ஜரையும் சி-டு-சி ஒயரையும் பையில் எடுத்துப் போங்கள். காசு கொடுக்கும் முன் கடையிலேயே ஒரு பக்கம் செருகிப் பாருங்கள், ஒயரைத் திருப்பி மறுபடி செருகிப் பாருங்கள். இரண்டு முறையும் விளக்கு எரிந்தால் மட்டும் வாங்குங்கள்.