கீழ்த்தளத்தில் உட்காருவதும் ஆய்வா?

கேள்வி: சமூகவியல் படிக்கும் என் மகள், தினமும் மாலையில் எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து எதையோ எழுதுகிறாள். கேட்டால் ஆய்வு என்கிறாள். உண்மையா?
– ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: உண்மைதான், அம்மா. மக்களோடு கலந்து பழகி, அவர்களை நேரில் கவனிக்கும் இந்த முறையைப் பங்கேற்பு உற்றுநோக்கல் என்பார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் பாப்புவா நியூ கினி அருகிலுள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் மக்களோடு தங்கி, அவர்கள் மொழியைக் கற்று இப்படித்தான் ஆராய்ந்தார்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புளோக்குகளில் 1989 முதல் இன விகிதத்துக்கு வரம்பு உண்டு. யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதைப் புள்ளிவிவரம் சொல்லிவிடும். ஆனால் மின்தூக்கிக்குக் காத்திருக்கும் மலாய்ப் பாட்டியும் சீனத் தாத்தாவும் பேசிக்கொள்கிறார்களா? கல் மேசையில் யாரோடு யார் உட்காருகிறார்கள்? படிவம் நீட்டி, "அண்டை வீட்டாரோடு பழகுவீர்களா?" என்று கேட்டால் பலரும் ஆமாம் என்றே போடுவார்கள். நல்லவராகத் தெரிய யாருக்குத்தான் ஆசையில்லை! அதனால்தான் நேரில் பார்ப்பதை நான் இவ்வளவு மதிக்கிறேன்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: மாலை மட்டும் போதாது. காலையில் முதியவர்களைச் சக்கர நாற்காலியில் அழைத்துவரும் பணிப்பெண்களை அவள் பார்க்கவே மாட்டாள். அப்புறம், பேச்சுக் கொடுப்பவர்களிடம் தான் யார், எதற்கு எழுதுகிறோம் என்று சொல்லிச் சம்மதம் கேட்கட்டும். குறிப்பேட்டில் உண்மைப் பெயர்கள் வேண்டாம்.