டி-ஷர்ட் டிசைன், துணி, பிரிண்ட்: திருப்பூரிலிருந்து சில பதில்கள்

வணக்கம். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்துவிட்டு, இப்போது சொந்தமாகப் பிரிண்டிங் யூனிட் நடத்துகிறேன். புதிதாக பிராண்ட் ஆரம்பிப்பவர்களின் ஆர்டர்தான் எங்களுக்கு அதிகம். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கோவை, கல்லூரி மாணவர்: அக்கா, நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு பிராண்ட் ஆரம்பிக்கிறோம். 20 டிசைன் ரெடி. எது ட்ரெண்டோ அதைப் போடலாம் என்கிறேன் நான். நண்பன் வேண்டாம் என்கிறான். யார் சொல்வது சரி?

உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி, தம்பி. ட்ரெண்டில் இருக்கும் ஒரு வசனத்தை வரைந்து, சாம்பிள் எடுத்து, பிரிண்ட் போட்டு, கூரியரில் அனுப்பி முடிப்பதற்குள் ஊர் வேறு பேச்சுக்குப் போயிருக்கும். போகாவிட்டாலும் அதே வசனத்தை இன்னும் பத்துப் பேர் உங்களைவிட ஐம்பது ரூபாய் குறைத்து விற்றுக்கொண்டிருப்பார்கள்.

யாருக்காக என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். "18 முதல் 25 வயது இளைஞர்கள்" என்று சொன்னால் அதை வைத்து ஒரு கோடுகூட வரைய முடியாது. "கொல்லிமலைக்கு பைக்கில் போகிறவர்கள்" என்று சொல்லுங்கள், உடனே வேலை ஆரம்பமாகிவிடும். அந்த மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதையை மேலிருந்து பார்த்தால் தெரியும் கோட்டை மட்டும் முதுகில் நீளமாகப் போட்டு, அடியில் சின்னதாக "70/70" என்று எழுதினால் போதும். ஏறியவருக்குப் பார்த்ததும் புரியும். ஏறாதவர் "என்னங்க இது?" என்று கேட்பார், போட்டிருப்பவர் ஆசையாக விளக்குவார். விற்கிற டிசைனில் பெரும்பாலும் இந்தப் பேச்சுக்கு இடம் இருக்கிறது.

நாய் வளர்ப்பவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஒரு நாய் படம் போட்ட சட்டை எல்லா இடத்திலும் கிடைக்கிறது. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் என்று தனித்தனியாக வரைந்தால் அதைத் தேடி வருவார்கள். சிப்பிப்பாறையின் ஒட்டிய வயிறும் நீண்ட காலும் கோட்டில் சரியாக வந்துவிட்டால், வளர்ப்பவர் பேரம் பேசாமல் வாங்குவார். தப்பாக வரைந்தால் அதை முதலில் கண்டுபிடிப்பவரும் அவர்தான். அதனால் வளர்ப்பவர் ஒருவரிடம் காட்டிய பிறகே பிரிண்டுக்குக் கொடுங்கள்.

அப்புறம், 20 டிசைன் வேண்டாம். 20 டிசைன், மூன்று நிறம், ஐந்து சைஸ் என்றால் 300 வகை சரக்கு. இரண்டு நிறத்தில் நான்கு டிசைன் போட்டால் 40 வகைதான். புதிய பிராண்டுகள் பெரும்பாலும் விற்காத சைஸில் முடங்கிய பணத்தால்தான் மூச்சுத் திணறுகின்றன.

மதுரை: டிசைன் விற்குமா என்று பிரிண்ட் போடும் முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா? படம் போட்டால் லைக் நிறைய வருகிறது.

லைக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். "சூப்பர்" என்று எழுதுபவரை விட்டுவிட்டு, "எக்ஸ்எல் இருக்கா?", "எப்போ கிடைக்கும்?" என்று கேட்பவர்களை மட்டும் எண்ணுங்கள். இன்னும் உறுதியான வழி, ஐந்தாறு பீஸ் மட்டும் டிடிஎஃப்-இல் (ஃபிலிமில் அச்சடித்துச் சட்டையில் ஒட்டும் முறை, கீழே விளக்கியிருக்கிறேன்) போட்டு, நீங்கள் மனதில் வைத்திருக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர்களுக்கே அணிவித்துப் படம் எடுத்து, முழுப் பணத்தோடு ஒரு வாரம் முன்பதிவு வாங்குவது. பணம் கட்டி முன்பதிவு செய்ய ஆளில்லாத டிசைனை எவ்வளவு பிடித்திருந்தாலும் ஓரமாக வையுங்கள்.

சென்னை, கிராஃபிக் டிசைனர்: தமிழில் டைப் செய்தால் ஃபோட்டோஷாப்பில் எழுத்து உடைகிறது. "கொ" என்று அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்கிறது. சரியாக வந்தாலும் பிரிண்டில் எழுத்து அடைத்துக்கொள்கிறது.

இதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். தமிழ் எழுத்துச் சட்டைகளில் பாதி இங்கேதான் கெடுகின்றன.

உடைவதற்குக் காரணம் மென்பொருளின் எழுத்து அமைப்பு. ஃபோட்டோஷாப்பில் டைப் அமைப்புகளுக்குப் போய், வேர்ல்ட் ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்புகளில் இது மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் என்ற பெயரில் இருக்கும். இல்லஸ்ட்ரேட்டரிலும் இண்டிக் வசதியை ஆன் செய்ய வேண்டும். பிறகு புதிதாக ஒரு டெக்ஸ்ட் பெட்டி திறந்து யூனிகோட் எழுத்துருவில் அடித்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். பிரிண்டருக்கு அனுப்பும்முன் எழுத்தை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றுங்கள். உங்கள் கணினியில் இருக்கும் எழுத்துரு அவரிடம் இருக்காது.

அடைத்துக்கொள்வது வேறு பிரச்சினை. ண, ஞ, னை போன்றவற்றில் இருக்கும் சின்னச் சுழிகளுக்குள் மை பரவி மூடிவிடும். துணி தாளைப் போல வழவழப்பாக இருப்பதில்லை, மை கொஞ்சம் ஓடத்தான் செய்யும். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்து முடிவெடுக்காமல், அசல் அளவில் ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து ஆறடி தள்ளி நின்று படியுங்கள். சுழிக்குள் வெளிச்சம் தெரியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், இல்லையென்றால் மெல்லிய எழுத்துருவுக்கு மாறுங்கள்.

வரி இடைவெளியையும் ஆங்கில டிசைனில் இருந்து அப்படியே எடுக்காதீர்கள். தமிழில் மேலே "கி, கீ" விசிறியும் கீழே "கு, கூ" வாலும் வருவதால், நெருக்கி அடுக்கினால் இரண்டு வரிகள் மோதிக்கொள்ளும். திறமையானவர்கள் அந்த மோதலையே அழகாக்குவார்கள். மேல்வரியின் வால் கீழ்வரியின் இடுக்கில் போய் உட்காரும்படி கையால் வரைவார்கள். சுவர் விளம்பரமும் கடை போர்டும் எழுதிய ஓவியர்கள் இன்னும் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு நியாயமான பணம் கொடுத்து, உரிமையைத் தாளில் எழுதி வாங்கி, இரண்டு வார்த்தை எழுதச் சொல்லுங்கள். எந்த எழுத்துருவிலும் கிடைக்காத உயிர் அதில் இருக்கும்.

எழுத்துரு தேவைப்பட்டால் கூகுள் ஃபாண்ட்ஸில் உள்ள கேடமரன், பாலூ தம்பி, முக்தா மலர், கவிவனர் போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, விற்பனைக்கான சட்டையிலும் பயன்படுத்தலாம். கடைசியாக, தமிழ் நன்றாகத் தெரிந்த இருவரிடம் படித்துக் காட்டுங்கள். ஒரு ஒற்று விட்டுப்போனாலும் சட்டையைப் போட்டவரைத்தான் தெருவில் நிறுத்திக் கேட்பார்கள்.

ஈரோடு: ஸ்க்ரீன், டிடிஎஃப், டிடிஜி, எது நல்லது?

டிசைனையும் எண்ணிக்கையையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஃபிரேம் (மை இறங்கும் வலைச் சட்டம்) செய்ய வேண்டும். அந்தச் செலவு பத்துச் சட்டைக்கும் ஒன்றுதான், ஆயிரம் சட்டைக்கும் ஒன்றுதான். ஆகவே ஒன்று, இரண்டு நிறத்தில் ஐம்பது பீஸுக்கு மேல் போனால் கணக்கு உங்கள் பக்கம் திரும்பும். பிளாஸ்டிசால் மை (சூட்டில் வெந்து கெட்டியாகும் பிளாஸ்டிக் மை) என்றால் கிட்டத்தட்ட 160 டிகிரி சூட்டில் மையின் அடிவரை வேக வேண்டும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே வெந்திருக்காது, நாலு துவைப்பில் வெடித்துவிடும். சாம்பிள் வந்ததும் பிரிண்டை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். விரிசல் விட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தொட்டால் மை இருப்பதே தெரியக்கூடாது என்று நினைத்தால் வாட்டர் பேஸ்டு மை. கருப்புத் துணியில் அதே மென்மை வேண்டுமென்றால் டிஸ்சார்ஜ். இது துணியின் சாயத்தையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் நிறம் கொடுக்கும். ரியாக்டிவ் சாயம் (காட்டன் இழையோடு பிணையும் சாயம்) போட்ட காட்டனில் மட்டும் வேலை செய்யும், சில நிறங்கள் முழுதாக வெளுக்காது. பிரிண்டுக்குப் பின் ஒரு வாஷ் கட்டாயம்.

டிடிஎஃப் என்பது ஃபிலிமில் அச்சடித்து, பசைப் பொடி தூவி, சூட்டில் அழுத்தி ஒட்டுவது. ஒரு பீஸ்கூடப் போடலாம், எத்தனை நிறமும் வரும். ஆரம்பிப்பவர்களுக்கு நல்ல வழி. ஆனால் நெஞ்சு முழுக்க ஏ3 அளவில் ஒரே கட்டையாக டிடிஎஃப் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் அதன் அடியில் வியர்வை தேங்கும், காற்று புகாது. வாங்கியவர் ஒரு நாள் போட்டுவிட்டு மடித்து வைத்துவிடுவார், உங்களிடம் மறுபடி வரமாட்டார். படத்தின் நடுநடுவே துணி தெரியும்படி டிசைனை உடையுங்கள். கட்டமாக நிற்கும் பின்னணியை எடுத்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். ஓரத்தில் மங்கிக் கரையும் நிழலும் டிடிஎஃப்-இல் சரியாக வராது, வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

டிடிஜி என்பது பிரிண்டரிலிருந்து நேராகத் துணியிலேயே அச்சடிப்பது. காட்டனில் அழகாக, மென்மையாக வரும். அடர் நிறத்துக்கு முன்கூட்டியே கெமிக்கல் தெளிக்க வேண்டும், ஒரு பீஸுக்கு நேரமும் செலவும் அதிகம். சப்ளிமேஷன் (சூட்டில் மையை ஆவியாக்கி இழைக்குள் ஏற்றுவது) பாலியஸ்டருக்கு மட்டும், அதுவும் வெளிர் நிறத்துக்கு. கிரிக்கெட் ஜெர்சிக்கு அது சரி.

தஞ்சாவூர்: 180 ஜிஎஸ்எம்-ஆ, 240-ஆ? எடை அதிகமாக இருந்தால் தரம் அதிகம்தானே?

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, அவ்வளவுதான். மட்டமான நூலிலும் 240 ஜிஎஸ்எம் துணி பின்னலாம். கோம்ப்டு காட்டனா (குட்டை இழைகளைச் சீவி எடுத்த நூல்), பயோவாஷ் செய்ததா (மேல் பிசிறை நீக்கும் என்சைம் வாஷ்), காம்பாக்டிங் போட்டதா (பின்னால் சுருங்காமல் முன்பே இறுக்குவது) என்று கேளுங்கள். அன்றாடம் போடும் சட்டைக்கு நம் வெயிலில் 180 போதும். ஓவர்சைஸ் ஃபிட்டுக்குத் துணி விழாமல் நிற்க வேண்டும் என்பதால் 220, 240 என்று போகிறார்கள். ஒரு கிலோ 180-இல் சாதாரண ஃபிட் நான்கைந்து சட்டை வரும். 240-இல் ஓவர்சைஸ் என்றால் மூன்று வந்தாலே அதிகம். விலை போடும்போது இதை மறக்காதீர்கள்.

சுருக்கம் பார்க்க, துணியில் 50 சென்டிமீட்டருக்கு ஒரு சதுரம் வரைந்து, துவைத்துக் காயவைத்து, மறுபடி அளந்து பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டர் குறைந்திருந்தால் 5 சதவீதம். அதற்கு மேல் போகும் துணியை நான் எடுக்கமாட்டேன். தைத்த சாம்பிளைத் துவைத்ததும் பக்கத் தையல் முன்பக்கம் திரும்புகிறதா என்றும் பாருங்கள்.

சேலம்: மாக்கப்பில் (கம்ப்யூட்டரில் சட்டை மேல் வைத்துக் காட்டும் மாதிரிப் படம்) அழகாக இருக்கும் டிசைன், சட்டையில் தொப்பைக்குப் போய்விடுகிறது.

காலரிலிருந்து இரண்டரை முதல் மூன்று அங்குலத்தில் ஆரம்பியுங்கள். "நடுவில்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் பிரிண்டர் சட்டையின் நடுவில்தான் போடுவார். எஸ் சைஸுக்கும் டபுள் எக்ஸ்எல்லுக்கும் ஒரே அளவுப் படம் எடுபடாது. முடிந்தால் இரண்டு அளவில் ஃபிரேம் செய்யுங்கள்.

நாகர்கோவில்: கருப்புதான் விற்கிறது. வேறு நிறம் தேவையா?

விற்பதை ஏன் மாற்ற வேண்டும்? கருப்பு, ஆஃப் ஒயிட், கூட ஒன்று. அடர் துணியில் மை பளிச்சென்று வர அடியில் வெள்ளை மை ஒரு கோட் வேண்டும், அதற்கும் ஒரு ஃபிரேம் செலவு உண்டு.

சென்னை: சினிமா வசனம், நடிகர் முகம், கிரிக்கெட் டீம் லோகோ போடலாமா? பத்துப் பீஸ்தானே? கொஞ்சம் மாற்றி வரைந்தால் பிரச்சினை இல்லை என்கிறார்களே?

பத்துப் பீஸாக இருந்தாலும் அனுமதி இல்லாமல் வேண்டாம். லோகோவுக்கு 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டம், ஓவியத்துக்கும் படக் காட்சிக்கும் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. இத்தனை சதவீதம் மாற்றினால் தப்பிக்கலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பிரபலங்களின் பெயரும் முகமும் அப்படித்தான். ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், அவர் பெயரையும் உருவத்தையும் அனுமதியின்றிப் பயன்படுத்த ஒரு பட நிறுவனத்துக்கு 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. புகார் போய் உங்கள் ஆன்லைன் பக்கத்தையே முடக்கிவிட்டால், சேர்த்து வைத்த வாடிக்கையாளர்களும் கூடவே போய்விடுவார்கள்.

தாராளமாக எடுத்துக்கொள்ள நமக்கு எவ்வளவோ இருக்கிறது. குறள், சங்கப் பாடல், பழமொழி, பரம்பரைக் கோலம் எல்லாம் பொதுச்சொத்து. எழுதியவர் இறந்து 60 ஆண்டு கடந்த படைப்பும் அப்படியே. பாரதி 1921-இல் மறைந்தார், அவர் வரிகளைப் போடலாம். ஆனால் இப்போது ஒருவர் வரைந்த பாரதி ஓவியம் அவருக்குச் சொந்தம்.

உங்கள் பிராண்ட் பெயரையும் காப்பாற்றுங்கள். டிரேட்மார்க் பதிவில் உடைகள் 25-ஆம் வகுப்பில் வரும். டிரேட்மார்க் தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்த்துவிட்டு, தனிநபராக ஆன்லைனில் விண்ணப்பித்தால் கட்டணம் ₹4,500. லேபிள் அச்சடிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

திண்டுக்கல்: விலையை எப்படி வைப்பது?

துணி, தையல், பிரிண்ட், லேபிள், பேக்கிங் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கூரியர், விளம்பரம், திரும்பி வரும் கேஷ் ஆன் டெலிவரி பார்சல், விற்காமல் தங்கும் சைஸ் ஆகியவற்றை எழுதுவதில்லை. உற்பத்திச் செலவைப் போல இரண்டரை மடங்குக்குக் கீழே விற்றால் ஆன்லைனில் தாக்குப்பிடிப்பது கடினம் என்பது என் எண்ணம். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு பீஸ் ₹2,500 வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. ஆக, பெரும்பாலான டி-ஷர்ட்டுகள் 5-க்குள்தான் வரும்.

திருநெல்வேலி: முதல்முறை திருப்பூர் வருகிறேன் அக்கா. என்ன கொண்டுவர வேண்டும்?

ரெடிமேடாக ப்ளெயின் சட்டை வாங்க வேண்டுமென்றால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே காதர்பேட்டை இருக்கிறது. சொந்த ஃபிட்டில் தைக்க வேண்டுமென்றால், உங்களுக்குப் பிடித்த அளவில் இருக்கும் ஒரு சட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள். கட்டிங் மாஸ்டருக்கு வாயால் சொல்வதைவிட அது நன்றாகப் புரியும். டிசைன் ஃபைல் அசல் அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்கட்டும், பின்னணி இல்லாத பிஎன்ஜி அல்லது வெக்டர் (பெரிதாக்கினாலும் உடையாத கோட்டு ஃபைல்). நிறத்தை மொபைலில் காட்டாதீர்கள், ஒவ்வொரு திரையிலும் ஒவ்வொரு மாதிரி தெரியும். துணிக்கும் மைக்கும் தனித்தனியாக பான்டோன் எண் (நிற அட்டையில் ஒவ்வொரு நிறத்துக்கும் உள்ள எண்) எழுதுங்கள். பிரிண்ட் அகலம், காலரிலிருந்து தூரம், சைஸ் வாரியாக எத்தனை பீஸ் என்பதை ஒரே தாளில் எழுதி, யூனிட்காரரிடம் கையெழுத்து வாங்கி, இருவரும் ஒவ்வொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அன்றே முழு அட்வான்ஸ் தர வேண்டாம். சாம்பிளுக்கு மட்டும் பணம் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போங்கள். நாலைந்து முறை துவைத்து, வெயிலில் காயவைத்து, ஒரு நாள் முழுக்கப் போட்டுப் பார்த்துவிட்டுப் போனில் ஆர்டரை உறுதி செய்யுங்கள்.