அரசு ஊழியருக்கு நேர்மை சம்பந்தமாக ஒரு சந்தேகம் வந்தால் ரகசியமாக யாரிடம் கேட்பது?

நீங்கள் மத்திய அரசுப் பணியில் இருக்கிறீர்கள், உங்கள் கைக்கு வந்த கோப்பில் உங்கள் உறவினர் யாரோ சம்பந்தப்பட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். நானும் அந்த இடத்தில் நின்றவன். ரகசியமாகக் கேட்க ஓர் ஆளைத் தேடினேன், கிடைக்கவில்லை.

சென்னையில் ஓர் அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் இருந்தேன். டெண்டர் குழுவில் நானும் உறுப்பினர். டெக்னிக்கல் பிட் (கம்பெனிகள் தரும் தொழில்நுட்ப விவர உறை) திறந்த பிறகுதான், போட்டியில் இருந்த ஒரு கம்பெனியில் என் மச்சினன் வேலைக்குச் சேர்ந்திருப்பது வீட்டுப் பேச்சில் தெரியவந்தது. அன்று இரவு தூக்கமே இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளை எடுத்துப் படித்தேன். 4ஆம் விதிப்படி, குடும்பத்தில் ஒருவர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் ஒப்பந்தத்தை நாம் கையாளக் கூடாது, மேலதிகாரிக்கு அனுப்பிவிட வேண்டும். ஆனால் நம்மை முழுக்கச் சார்ந்து வாழாத மச்சினன் அந்த விதியின் கணக்கில் குடும்பமே இல்லை. அப்படியானால் பேசாமல் இருந்துவிடலாமா? 2014இல் சேர்த்த திருத்தமோ, அலுவல் தொடர்பான சொந்த நலன் எதுவானாலும் தெரிவிக்க வேண்டும் என்கிறது.

பிரிவு அதிகாரியிடம் கேட்டேன். "உங்க மச்சான்தானே சார், நீங்க இல்லையே. எதுக்கு எழுதி வம்பை விலைக்கு வாங்குறீங்க?" என்றார். ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், எழுதிக் கொடுத்தால் நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயமுறுத்தினார். ஊழல் புகார்களைக் கவனிக்கும் விஜிலென்ஸ் பிரிவில் வாய்மொழியாகப் பதில் சொல்ல யாரும் தயாராக இல்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாளைக்கு விசாரிக்க வேண்டியவர்களும் அவர்கள்தான், அவர்களிடம் எப்படி மனம் விட்டுப் பேசுவது?

கடைசியில் எழுதிக் கொடுத்துக் குழுவிலிருந்து விலகினேன். அதற்கப்புறம் அலுவலகத்தில் நான் ஏதோ விவகாரத்தில் மாட்டிக்கொண்டேன் என்று பேச்சு. மனைவி வீட்டில் என் மச்சினன் முகம் கொடுத்துப் பேசவே மாதக்கணக்கானது. பின்னால் தணிக்கையில் அந்த டெண்டரைத் தோண்டியபோது, விலகிய நாளும் காரணமும் எழுத்தில் இருந்ததால் என்னிடம் ஒரு கேள்வியும் வரவில்லை.

"நேர்மையானவனுக்கு எதற்கு ஆலோசனை?" என்று கருத்துப் பகுதியில் கேட்க வருபவர்களுக்கு: சந்தேகம் நேர்மையாக இருக்க நினைப்பவனுக்குத்தான் வரும். அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு அரசு நெறிமுறைச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு துறையிலும் இதற்கென்று நெறிமுறை அதிகாரி உண்டு. எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லி, அவர் சொன்னபடி நல்லெண்ணத்துடன் நடந்தால் நெறிமுறை விதிகளை மீறியதாகத் துறை நடவடிக்கை வராது. (வக்கீலிடம் பேசுவது போன்ற ரகசியப் பாதுகாப்பு அங்கேயும் கிடையாது, குற்றச் சட்டத்தை மீறினால் அந்த ஆலோசனை காப்பாற்றும் என்ற உறுதியும் இல்லை.) நம்மிடம் அக்டோபர் 31, படேல் பிறந்த நாளை ஒட்டி ஊழல் தடுப்பு விழிப்புணர்வு வாரம் வருகிறது. உறுதிமொழி எடுக்கிறோம், கட்டுரைப் போட்டி நடத்துகிறோம். அந்த வாரத்திலாவது சந்தேகம் கேட்க ஒருவரை உட்கார வைத்தால் என்ன?

  

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கோப்பில் பத்துப் பேர் பார்க்கும்படி குறிப்பு எழுதாதீர்கள். மூடிய உறையில் மேலதிகாரியின் பெயருக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். உறவு என்ன, எப்போது தெரிந்தது, அதுவரை கோப்பில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று மட்டும் எழுதினால் போதும். "பார்த்துக்கலாம், நீங்களே பண்ணுங்க" என்று அவர் வாயால் சொன்னால் எழுத்தில் உறுதி கேளுங்கள். வாய்மொழி உத்தரவை எழுத்தில் உறுதிப்படுத்துவது அவர் கடமை என்று அதே நடத்தை விதிகளின் 3ஆம் விதியிலேயே இருக்கிறது.