ரேடார் வேண்டாம், குழி தோண்டுங்கள்

கேள்வி: மடத்துக்குளம் பக்கம் மூன்று ஏக்கர் கரிசலில் மறுதாம்புக் கரும்பு (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தழைத்தது) வைத்திருக்கிறேன். சொட்டுநீர் தினமும் இரண்டு மணி நேரம் ஓடுகிறது. அப்படியும் நாலு மாசப் பயிர் திட்டுத்திட்டாக வெளுக்கிறது. தரைக்குள் ரேடார் அலை விட்டு, எங்கே ஈரம் குறைவு என்று படம் போட்டுத் தருவதாக ஒரு கம்பெனிக்காரர் சொல்கிறார். ஏக்கருக்கு ஆறாயிரமாம். கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அண்ணா. கடன் வாங்கிக் கட்டவே கட்டாதீர்கள்.

கருவியில் பொய் எதுவும் கிடையாது. ரேடார் அலை காற்றில் ஒரு நானோ நொடிக்கு (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) 30 செ.மீ. போகும்; நல்ல ஈர மண்ணில் 6 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். அந்த வேகத்தை வைத்து ஈரத்தைக் கணக்கிடுகிறார்கள். கலிபோர்னியா திராட்சைத் தோட்டங்களில் 2000-களின் தொடக்கத்திலேயே இப்படி மேல்மண் ஈரத்தை வரைபடமாக்கிப் பார்த்தார்கள். மணற்பாங்கான நிலத்துக்கு நல்ல முறை. உங்களுடையது கரிசல். களியும் உப்பும் மின்சாரத்தைக் கடத்துவதால் அலையின் சக்தியை மண்ணே விழுங்கிவிடும். வேர் நிற்கிற ஆழத்திலிருந்து நம்பும்படியான சேதி திரும்பாது. வேகத்தை ஈரமாக மாற்ற டாப் (Topp) என்பவர் பெயரில் 1980-இல் வந்த சமன்பாட்டைப் போடுவது வழக்கம். கனத்த களிக்கு அது அப்படியே பொருந்தாது. உங்கள் வயல் மண்ணையே எடுத்து, 105 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, எடை பார்த்துத் திருத்த வேண்டும். அதைச் செய்வாரா என்று வந்தவரிடம் கேளுங்கள். செய்தாலும் கையில் கிடைப்பது ஒரே ஒரு நாளின் படம். மறுநாள் வால்வைத் திறந்ததும் அது பழசு.

எனக்கு உறுத்துவது அந்தத் தினசரி இரண்டு மணி நேரம். வெளுப்பைப் பார்த்ததும் தண்ணீர் போதவில்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். கரிசலில் ஓயாமல் நீர் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காது. சுண்ணாம்பு கலந்த மண்ணானால் இரும்புச்சத்தும் பயிருக்கு எட்டாது. குருத்துப் பக்கத்து இளந்தோகையைப் பாருங்கள். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புக் குறைதான். 10 லிட்டர் நீருக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) 50 கிராம், யூரியா 100 கிராம் கரைத்து, வாரம் ஒருமுறை தோகை தேறும்வரை தெளியுங்கள். அடித்தோகை முதலில் வெளுத்தால் அது தழைச்சத்துப் பிரச்சினை. இதில் எதையும் ரேடார் சொல்லாது.

ஈரம் பார்க்கக் கடப்பாரையும் கையும் போதும். இதைச் சொன்னால் பழைய காலத்து ஆள் என்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். வெளுத்த திட்டில் ஒன்று, நல்ல பயிரில் ஒன்று, கடைமடையில் ஒன்று என்று குழி போடுங்கள். சொட்டுவானிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரண்டடி ஆழம். ஒவ்வொரு அரை அடியிலும் ஒரு பிடி மண் எடுத்து உருட்டி, கட்டைவிரலால் ஆள்காட்டி விரல்மேல் தள்ளுங்கள். நாடா போல நீண்டு, வழவழவென்று விரலில் ஈரம் ஒட்டினால் தண்ணீர் விடாதீர்கள். நாடா வந்து ஈரம் ஒட்டாவிட்டால் பொறுக்கலாம். உருண்டை பிடிபட்டும் நாடா வராமல் உடைந்தால் பாய்ச்சுங்கள். முகர்ந்தும் பாருங்கள்: அழுகல் வாடை, சாம்பல் நிறம், கறுத்த வேர் தெரிந்தால் நீர் தேங்கியிருக்கிறது. நுனி வெள்ளையான வேர் எந்த ஆழம்வரை போயிருக்கிறது என்பதைக் குழியில்தான் பார்க்க முடியும். எத்தனை லட்சம் ரூபாய்க் கருவி வந்தாலும் நான் குழியைத்தான் முதலில் கேட்பேன்.

கருவி கட்டாயம் வேண்டுமென்றால், கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய ஈரங்காட்டி இருக்கிறது. மண்ணில் குத்தினால் விளக்கு எரியும்: நீலம், பச்சை என்றால் ஈரம் உண்டு, ஆரஞ்சு வந்தால் பாய்ச்சலாம், சிவப்பு வந்தால் உடனே பாய்ச்ச வேண்டும். மண் நீரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று அளக்கும் டென்சியோமீட்டர் வாங்காதீர்கள். கரிசல் வெடிக்கும்போது அதன் பீங்கான் முனை மண்ணோடு ஒட்டாமல் போய்விடும்.

ஒன்று விசாரியுங்கள். ரேடார் ஓட்டுகிறவர் குழாயோ உரமோ விற்கிறாரா? விற்கிறார் என்றால் படத்தில் எந்த நிறம் வந்தாலும் உங்களுக்கு ஒரு பில் வரும். சரக்கு விற்கிறவர் செய்யும் பரிசோதனையை நான் ஏற்பதில்லை, இலவசமாகச் செய்தாலும் சரி.

இன்றே சொட்டுநீரை நிறுத்திவிட்டு மூன்று குழியும் போடுங்கள். போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, அரசு ஆய்வகத்தில் உப்பும் பைகார்பனேட்டும் பார்க்கக் கொடுங்கள். முடிவு வந்ததும் குழியில் கண்டதோடு சேர்த்து எழுதுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை பாய்ச்சுவது என்று அப்போது சொல்கிறேன்.