ஒரே காலத்தில் மூன்று திருத்தந்தையர் (போப்பாண்டவர்கள்) இருந்தார்களாமே, அவர்களில் உண்மையானவர் யார்?

இன்றைய திருச்சபையின் பட்டியலைக் கேட்டால் இதற்கு விடை ஒரே வரியில் கிடைக்கும்: உரோமை வரிசையில் வந்தவர்கள் திருத்தந்தையர், மற்றவர்கள் எதிர்த்திருத்தந்தையர், அதாவது முறையின்றி அந்தப் பதவிக்கு உரிமை கோரியவர்கள். பேதுரு முதல் இன்றுவரை அறுபடாத தொடர் என்று மறைக்கல்வி வகுப்பில் ஒப்பித்த எனக்கும் அந்த விடையே வெகுகாலம் போதுமானதாக இருந்தது. ஆனால் திருச்சபை பிளவுபட்டிருந்த 1378க்கும் 1417க்கும் இடையில் வாழ்ந்த ஒரு நேர்மையான கத்தோலிக்கருக்கு, எவ்வளவு படித்தவராக இருந்தாலும், அந்த விடையை உறுதியாகச் சொல்ல வழியே இருக்கவில்லை என்பதுதான் என் கருத்து.

சிக்கல் ஒரே ஒரு தேர்தலில் தொடங்கியது. 1309 முதல் இன்றைய பிரான்சிலுள்ள அவிஞோனில் தங்கியிருந்த திருத்தந்தையரின் அரசவையை 11ஆம் கிரகோரி உரோமைக்குத் திரும்பக் கொண்டுவந்தார். 1378 மார்ச்சில் இறந்துபோனார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க உரோமையில் கூடிய 16 கர்தினால்களில் பெரும்பாலோர் பிரெஞ்சுக்காரர்கள். வெளியே திரண்ட மக்களோ, உரோமையர் வேண்டும், குறைந்தது ஓர் இத்தாலியராவது வேண்டும் என்று கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் 8 அன்று, கர்தினாலாக இல்லாத பாரி நகரப் பேராயர் பிரிஞ்ஞானோவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருடைய ஒப்புதலைப் பெற்று முடிவை அறிவிப்பதற்குள் கூட்டம் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டது. அஞ்சிய கர்தினால்கள், உரோமையரான முதிய கர்தினால் தெபால்தெஸ்கிக்குத் திருத்தந்தையின் உடையை அணிவித்து, இவர்தான் புதிய திருத்தந்தை என்று காட்டிவிட்டுத் தப்பினார்கள். அந்தக் கிழவர், தான் அல்ல என்று மறுத்துக்கொண்டே இருந்தாராம்.

அச்சத்தில் நடந்த தேர்தல் செல்லாது என்பது திருச்சபைச் சட்டம் ஏற்றுக்கொள்ளும் வாதம்தான். ஆனால் அதே கர்தினால்கள், கூட்டம் கலைந்த பிறகு, ஆறாம் உர்பான் என்ற பெயரில் பிரிஞ்ஞானோவுக்கு முடிசூட்டினார்கள். அவருடைய தேர்வை அரசர்களுக்குக் கடிதம் எழுதி அறிவித்தார்கள். அவரிடம் சலுகைகளும் கேட்டார்கள். உர்பானின் சீற்றமும் வசையும் பொறுக்க முடியாமல் போன பிறகுதான், கோடைக்காலத்தில் அனாக்னியில் கூடி, ஏப்ரலில் தாங்கள் அஞ்சியிருந்ததாக அறிவித்தார்கள். செப்டம்பர் 20 அன்று ஃபோந்தியில் ஏழாம் கிளமெண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அவிஞோனுக்குப் போய்ச் சேர்ந்தார். உர்பானுக்கு அதிகாரம் தந்தவர்களே அதைப் பறித்து இன்னொருவருக்கும் தந்தால், யாரை வைத்து யாரை அளப்பது?

பிரான்சு, ஸ்காட்லாந்து, காஸ்தில், அரகோன் ஆகியவை அவிஞோன் பக்கமும், இங்கிலாந்து, ஹங்கேரி, போலந்து ஆகியவை உரோமைப் பக்கமும் நின்றதில் அரசியல் கணக்கு வெளிப்படையானது. ஆனால் சியன்னா நகர் கத்ரீன் உர்பானுக்காக வாதாடினார். வின்சென்ட் ஃபெரர் அவிஞோனுக்காகப் போதித்தார். பின்னாளில் இருவருமே புனிதர்களாக உயர்த்தப்பட்டார்கள். இருவரில் யாரைக் குறை சொல்வது?

1409இல் பீசாவில் திருச்சபைத் தலைவர்கள் கூடிய சங்கம், உரோமை, அவிஞோன் ஆகிய இரு வரிசைகளிலும் அப்போது இருந்த திருத்தந்தையர் இருவரையும் நீக்கிவிட்டு ஐந்தாம் அலெக்சாண்டரைத் தேர்ந்தெடுத்தது. நீக்கப்பட்ட இருவரும் விலக மறுத்ததால் இரண்டு மூன்றானது. அலெக்சாண்டர் மறு ஆண்டே இறந்துவிட, 23ஆம் யோவான் என்ற பெயரில் பல்தசாரே கோசா வந்தார். கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் 1415இல் அவரைப் பதவிநீக்கம் செய்தது. உரோமை வரிசையின் 12ஆம் கிரகோரி, முதலில் அந்தச் சங்கத்தைத் தாமே கூட்டுவதாக ஆணை ஒன்றை வாசிக்கச் செய்து, அதன் பிறகே பதவி விலகினார். வெறும் சடங்குபோலத் தோன்றும் இந்த ஏற்பாடு, பிற்காலத்தில் உரோமை வரிசையை முறையானதாகக் கொள்வோருக்கு வலுவான ஆதாரமாயிற்று.

அவிஞோன் வரிசையின் 13ஆம் பெனடிக்ட் மட்டும் கடைசிவரை அசையவில்லை. பெத்ரோ தெ லூனா என்ற இயற்பெயருடைய அவர் 1378 தேர்தலிலேயே வாக்களித்தவர். பிளவுக்கு முன்பே, ஐயத்துக்கு இடமில்லாத ஒரு திருத்தந்தையால் கர்தினாலாக்கப்பட்டு உயிரோடிருப்பவர் தாம் ஒருவரே. எனவே இப்போதுள்ள மூவருமே பொய் என்றால், பிளவுக்குப் பின் ஆக்கப்பட்ட கர்தினால்களும் பொய்; புதியவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் தமக்கு ஒருவருக்கே உண்டு என்று அவர் வாதிட்டார். கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் மறுத்துப் பாருங்கள், அவ்வளவு எளிதல்ல. 1417 நவம்பரில் கான்ஸ்டன்ஸில் ஐந்தாம் மார்ட்டின் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகும், இன்றைய ஸ்பெயினிலுள்ள பெனிஸ்கோலா கோட்டையில் இருந்துகொண்டு, 1423இல் இறக்கும்வரை தம்மையே திருத்தந்தை என்றார்.

இந்த ஐயம் எவ்வளவு காலம் நீடித்தது என்பதைப் பெயர்களோடு வரும் எண்களே காட்டும். 1492இல் வந்த போர்ஜியா தம்மை ஆறாம் அலெக்சாண்டர் என்று அழைத்துக்கொண்டார். அதாவது பீசாவின் ஐந்தாம் அலெக்சாண்டரைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். 1724இல் வந்த ஓர்சினி முதலில் 14ஆம் பெனடிக்ட் என்று பெயர் சூடி, பிறகு 13ஆம் பெனடிக்ட் என்று திருத்திக்கொண்டார். 23ஆம் யோவான் என்ற பெயரோ 1958இல் ரோன்கால்லி அதை ஏற்றபோதுதான் கோசாவிடமிருந்து மீட்கப்பட்டது. ஆனாலும் ஃபிளாரன்ஸ் திருமுழுக்கு ஆலயத்தில் தொனாத்தெல்லோவும் மிக்கலோட்சோவும் அமைத்த கோசாவின் கல்லறையில், ஒருகாலத்தில் திருத்தந்தையாக இருந்த 23ஆம் யோவான் என்று பொறித்த எழுத்து இன்றும் அழிக்கப்படாமல் இருக்கிறது.