மேக்கில் செய்த கீநோட் கோப்பை விண்டோஸில் திறப்பது எப்படி? மாற்றினால் தமிழ் எழுத்துகள் கெடுமா?

கீநோட் என்பது ஸ்லைடுகள் செய்ய ஆப்பிள் தரும் மென்பொருள்; அதன் கோப்பைப் பவர்பாயிண்ட் திறக்காது. அதற்காகக் காசு கொடுத்து மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். பிரவுசரில் ஐகிளவுட் தளத்துக்குப் போய், இலவச ஆப்பிள் கணக்கு தொடங்கி, அங்குள்ள கீநோட்டில் கோப்பை ஏற்றுங்கள், திறந்துவிடும். பவர்பாயிண்ட்டாகவோ பிடிஎஃப்பாகவோ அங்கேயே இறக்கிக்கொள்ளலாம். அனுப்பியவரே மேக்கில் ஃபைல் மெனுவின் 'எக்ஸ்போர்ட் டு' வழியாக மாற்றித் தந்தால் இன்னும் சுலபம்.

அப்புறம் தமிழ். உண்மையான தலைவலி இங்கேதான். வழக்கமாகக் கோப்புக்குள் எழுத்துருவின் பெயர்தான் போகும், எழுத்துரு போகாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் அடித்திருந்தால் அடுத்த கணினி வேறொரு தமிழ் எழுத்துருவைப் போட்டுக் காட்டும். வரிகள் நீண்டு பெட்டிக்கு வெளியே வழியலாம், ஆனால் படிக்க முடியும். பாமினியில் அடித்திருந்தால் கதையே வேறு. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய முறை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தலைப்பு முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். எனவே முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், தயவுசெய்து.

விண்டோஸ் பவர்பாயிண்ட்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போனால் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கும் வசதி இருக்கிறது. இலவச ஸ்லைடு மென்பொருளான லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸ்ஸிலும் உண்டு: ஃபைல், ப்ராபர்ட்டீஸ், ஃபான்ட்.

மாற்றியதும் அனிமேஷன்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள்; கீநோட்டின் 'மேஜிக் மூவ்' (ஒரு ஸ்லைடில் உள்ளவை நகர்ந்து அடுத்த ஸ்லைடின் இடத்துக்கு மாறும் அசைவு) போன்றவை அப்படியே வராமல் போகலாம். மேடைக்குப் போகும்போது பென்டிரைவில் பிடிஎஃப் பிரதி ஒன்றும் இருக்கட்டும். அசைவும் வீடியோவும் அதில் ஓடாது, ஆனால் எழுத்து கெடாமல் அப்படியே இருக்கும்.