உங்களுக்கு ரொம்பப் பிடித்த பெரிய எண் எது, ஏன்?

4294967297. வாய்விட்டுப் படித்தால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. பத்து இலக்கம்தான், சாதாரண கால்குலேட்டரிலேயே அடங்கிவிடும். ஆனால் 17-ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஃபெர்மாவையே சறுக்க வைத்த எண் இது.

3, 5, 17, 257, 65537 என்று ஒரு வரிசை உண்டு. ஒன்றைக் கழித்து, வர்க்கம் எடுத்து, மறுபடி ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண் வந்துவிடும். இந்த ஐந்துமே பகா எண்கள். அதைப் பார்த்துவிட்டு 1640 வாக்கில் ஃபெர்மா, வரிசை முழுக்கவே பகா எண்கள்தான் என்று நம்பினார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்றும் ஒப்புக்கொண்டார். ஆறாவதாக வருவது நம்ம ஆள், 2³²+1. 1732-இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித மேதை அதை 641 × 6700417 என்று உடைத்துப் போட்டார்.

641 எப்படி வகுக்கிறது என்பதை நீளமாக வகுத்துப் பார்க்க வேண்டியதே இல்லை, அதுதான் எனக்குப் பிடித்த இடம். 641 = 5×2⁷+1. அதே 641 = 5⁴+2⁴. முதலாவதன்படி, 641-ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்க்கும் கணக்கில் 5×2⁷ என்பது −1-க்குச் சமம், நான்காம் அடுக்கு எடுத்தால் 5⁴×2²⁸ என்பது 1. இரண்டாவதன்படி 5⁴ என்பது −2⁴. அதை இதில் போட்டால் −2³² என்பது 1, அதாவது 2³²+1-க்கு மீதி பூஜ்யம். அவ்வளவுதான், துண்டுச்சீட்டில் முடிந்துவிடும்!

சரி, 641-ஐ எங்கே தேடுவது? இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால் அது 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்கும். அப்படி வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தே வகுத்தல்! ஃபெர்மா எப்படித் தவறவிட்டார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

காரணியே தெரியாமலும் இது பகா எண் இல்லை என்று பிடிக்கலாம். 2³² என்பது 65536², அதனால் இந்த எண் 65536²+1² என்பது தெரிந்ததே. இதுவே 62264²+20449² என்றும் வரும். நம்பாமல் நான் ஒருமுறை கையாலேயே 3876805696-ஐயும் 418161601-ஐயும் கூட்டிப் பார்த்தேன், கடைசி இலக்கம் வரை சரி. ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதவே முடியாது, அதனால் மாட்டிக்கொண்டது. (20449 தானே 143-இன் வர்க்கம், அது தனி அழகு.)

இன்னொரு வேடிக்கை, ஃபெர்மாவின் பெயரிலேயே இருக்கும் சிறிய தேற்றத்தை (p பகா எண் என்றால், p-ஆல் வகுபடாத அடிமானம் a எதுவானாலும் aᵖ⁻¹-ஐ p-ஆல் வகுக்க மீதி 1) வைத்துச் சோதித்தால், அடிமானம் 2 என்றால் இந்த எண் பகா எண் மாதிரியே நடித்துத் தேறிவிடும். அடிமானம் 3 என்று மாற்றினால் குட்டு உடைந்துவிடும்.

அப்புறம், இதிலிருந்து 2-ஐக் கழித்துப் பாருங்கள். 4294967295, அதாவது கணினியின் 32 பிட்டில் (0, 1 மட்டுமே வரும் 32 இலக்கங்களில்) அடங்கும் மிகப் பெரிய எண். அது மேலே சொன்ன ஐந்து பகா எண்களின் பெருக்கற்பலன். கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று இன்றுவரை தெரிந்த ஒற்றைப்படைப் பக்க ஒழுங்குப் பலகோணங்களில் அத்தனை பக்கம் உள்ளதுதான் பெரியது. இரண்டே பக்கம் கூடினால், நம்ம 4294967297-க்கு வந்தால், வரையவே முடியாது.